அனுபவத்துக்குச் சான்று வேண்டும். சான்றுக்குக் கூலி வேண்டும்!

(ஏ.ஸி., டி.வி., காமிரா பொருத்தும் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

தோழர்களே!

நம் சங்கத்துத் தோழர் ஒருவர் இரண்டாவது மாடி சன்ஷேடில் நின்று ஏ.ஸி.யின் அவுட்டோர் யூனிட்டைப் பூட்டும்போது வழுக்கி விழுந்தார். இடுப்பில் பெல்ட் இல்லை. நஷ்டஈடு கேட்டு நாம் காண்டிராக்டரிடம் போனோம். "அவன் ஹெல்பர்தானே? மெக்கானிக் என்று யார் சொன்னது?" என்று அவர் கேட்டார். 18 வருஷம் மெக்கானிக் வேலை செய்த மனிதர்! ஆனால் அதைக் காட்ட ஒரு துண்டுக் காகிதம் நம்மிடம் இல்லை. ஹெல்பர் கூலியை வைத்தே பேச்சு நடந்தது.

ஆகவே, சர்டிபிகேட் நமக்கு வேண்டுமா, வேண்டாமா என்ற கேள்வியை வெறும் கௌரவப் பிரச்னையாக நாம் பார்க்க முடியாது. இது கூலிப் பிரச்னை, உயிர்ப் பிரச்னை.

சட்டம் என்ன சொல்கிறது? மின்சார வேலையை லைசென்ஸ் பெற்ற காண்டிராக்டரே, தகுதிச் சான்று பெற்றவரின் மேற்பார்வையில் செய்ய வேண்டும் என்று 1956-ஆம் வருஷத்து இந்திய மின்சார விதிகளின் 45-வது விதி சொல்லிற்று. ஆனால் விளக்கு, விசிறி, ஸ்விட்ச், வீட்டுச் சாதனங்கள் ஆகியவற்றை மாற்றிப் பொருத்துவதற்கு அதிலேயே விலக்கும் கொடுத்தது. வீட்டுக்காரருக்கு அது சௌகரியம். ஆனால் அதையே பிழைப்பாகக் கொண்ட தொழிலாளி சட்டத்தின் கண்ணில் படாமல் போனான்.

ஒயரிங் தொழிலாளிக்கு ஒரு வாசல் இருக்கிறது. தமிழ்நாட்டில் 5 வருஷ செய்முறை அனுபவமும் 21 வயதும் நிறைந்தவர் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம். அனுபவத்தையே தகுதியாக ஏற்கலாம் என்பதை இங்கே சர்க்காரே ஒப்புக்கொண்டிருக்கிறது. நம் தொழிலுக்கு மட்டும் ஏன் கூடாது?

2015-ல் மத்திய சர்க்கார் ஆரம்பித்த பிரதம மந்திரி கௌசல் விகாஸ் யோஜனாவில், முன்பே கற்ற தொழிலை அங்கீகரிப்பது என்று ஒரு பகுதி உண்டு. சில மணி நேர வகுப்பு, பிறகு ஒரு பரீட்சை, தேறினால் சர்டிபிகேட். 2016 முதல் 2020 வரை நடந்த இரண்டாம் கட்டத்தில், தேறியவருக்கு ரூ. 500 கொடுத்தார்கள். ஏற்பாடு நல்லதுதான். ஆனால் அந்தக் காகிதத்தைக் கண்டு எந்த முதலாளியாவது கூலியை உயர்த்த வேண்டும் என்ற கட்டாயம் உண்டா? இல்லை. சுவரில் மாட்டி வைத்தால் காகிதம். கூலிச் சீட்டில் ஏறினால்தான் சான்று.

"அப்படியானால் இது முதலாளியின் தந்திரம், பரீட்சையே வேண்டாம்" என்று சில தோழர்கள் சொல்கிறார்கள். அதையும் நாம் ஏற்கவில்லை. நம் பக்கத்துக் குறையையும் மனம் திறந்து பேச வேண்டும். இருபது வருஷம் தவறாகச் செய்ததும் அனுபவம் என்றே கணக்காகிறது. பழைய ஆர்-22 வாயு தீப்பற்றாது. இன்று பல புதிய ஏ.ஸி.களில் வரும் ஆர்-32 தீப்பற்றக் கூடியது. ஆர்-410ஏ வாயுவின் அழுத்தமோ ஆர்-22-ஐ விட ஒன்றரை மடங்குக்கும் மேல். பழைய கேஜையும் பழைய பழக்கத்தையும் வைத்துக்கொண்டு இவற்றைத் தொட்டால் ஆபத்து யாருக்கு? முதலில் நமக்குத்தான்.

வாக்யூம் பம்பு போடாமல், வாயுவைக் கொண்டே குழாயிலுள்ள காற்றைத் தள்ளிவிடும் வழக்கம் நம்மில் இருக்கிறது. ஏன்? தெரியாததால் மட்டுமல்ல. ஒரு யூனிட்டுக்கு இவ்வளவு என்று பீஸ் ரேட். பம்பு ஓடும் அரை மணிக்குக் காசு கிடையாது. அடுத்த வீட்டிலிருந்து போன் வந்துகொண்டே இருக்கிறது. ஆகவே, சரியாக வேலை செய்வதற்கு ஆகும் நேரத்துக்கும் கூலி உண்டு என்று ஏற்காமல், சரியாகச் செய் என்று பரீட்சை மட்டும் வைப்பது நியாயமில்லை.

2019-ல் வெளியான இந்தியக் குளிர்விப்புச் செயல் திட்டம், 2022-23-க்குள் 1 லட்சம் சர்வீஸ் தொழிலாளருக்குப் பயிற்சியும் சான்றும் தரும் இலக்கை வைத்தது. தேவை என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பைத் தொழிற்சங்கங்கள் எதிர்க்கின்றன, நாமும் எதிர்க்கிறோம். அதில்கூடக் குறைந்தபட்சக் கூலியை நிர்ணயிக்கும்போது தொழிலாளியின் திறனைக் கணக்கில் எடுக்க இடமிருக்கிறது. நீ எந்தத் தரம் என்று முதலாளியே தீர்மானித்தால் எல்லோரும் கடைசித் தரம்தான். அங்கேதான் சான்று நமக்கு ஆயுதம்.

எனவே நம் கோரிக்கைகள் இவை:

பரீட்சை தமிழில், செய்முறையாக நடக்க வேண்டும். கட்டணத்தையும் அன்றைய கூலியையும் வேலை கொடுப்பவர் தர வேண்டும். காண்டிராக்டர் அனுபவக் கடிதம் தர மறுத்தால் சங்கத்தின் கடிதத்தை ஏற்க வேண்டும். சான்று தொழிலாளியின் பெயரில், எந்தக் கம்பெனிக்குப் போனாலும் செல்லுபடியாக வேண்டும். தேறாதவரை வெளியே தள்ளக் கூடாது. பயிற்சி கொடுத்து மறுபடி வாய்ப்புத் தர வேண்டும். தேறியவருக்குத் திறன் பெற்ற தொழிலாளியின் கூலி, அந்த மாதமே தர வேண்டும். உயரத்தில் வேலை செய்பவர் எல்லோருக்கும், சான்று இருந்தாலும் இல்லாவிட்டாலும், பெல்ட்டும் கயிறும் தர வேண்டும்.

தோழர்களே, கோரிக்கை வைத்தால் போதாது. கையில் ஆதாரம் வேண்டும். இன்று முதல் ஒவ்வொருவரும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். தேதி, தெரு, என்ன சாதனம், யார் அனுப்பினார், எவ்வளவு கூலி — இவ்வளவு எழுதினால் போதும். எழுத வராத தோழருக்குப் பக்கத்தில் இருப்பவர் எழுதிக் கொடுங்கள். மாதக் கடைசியில் சங்க ஆபீசுக்குக் கொண்டு வாருங்கள். முத்திரை போட்டுக் கொடுக்கிறோம்.

அன்று அந்தக் காண்டிராக்டர் முன்னால் நாம் வெறுங்கையோடு நின்றோம். இன்னொரு முறை அப்படி நிற்கக் கூடாது.