மண்ணைக் கற்ற தலைவர்

ஒரு நாட்டை விடுவிக்க முனைபவன் முதலில் அந்நாட்டை அறிதல் வேண்டும். மேற்கு ஆபிரிக்காவிலுள்ள கினி-பிசாவு நாட்டின் விடுதலைத் தலைவர் அமில்கார் கப்ராலின் வாழ்வு இதற்குச் சிறந்த சான்றாகும்.

போர்த்துக்கீசர் ஆண்ட அந்நாட்டில் 1924ஆம் ஆண்டு பிறந்த கப்ரால், பெற்றோரின் தாயகமாகிய கேப் வேர்ட் தீவுகளில் வளர்ந்தார். 1940களில் அத்தீவுகளில் மழை பொய்த்தது. பல்லாயிரவர் பட்டினியால் மடிந்தனர். உதவ வேண்டிய அரசு வாளாவிருந்தது. பின்னர் லிஸ்பன் சென்ற கப்ரால் விவசாய விஞ்ஞானம் பயின்றார்.

1952இல் கினி திரும்பிய அவரிடம், அடுத்த ஆண்டில் குடியேற்ற அரசே விவசாயக் கணக்கெடுப்பை ஒப்புவித்தது. அவர் ஊர் ஊராகச் சென்றார். எக்குடியினர் எவ்வாறு நெல் விளைவிக்கின்றனர், நிலம் யாரிடம் உள்ளது, ஏற்றுமதிக்கென விளையும் நிலக்கடலையால் உழவனுக்கு மிஞ்சுவது யாது என்பவற்றை நேரிற் கண்டார். அரசுக்குக் கிடைத்தது புள்ளிவிபரம். கப்ராலுக்குக் கிடைத்ததோ தம் மக்களைப் பற்றிய அறிவு.

1959 ஆகஸ்ட் 3ஆந் திகதி, பிசாவுத் துறைமுகத்தில் ஊதிய உயர்வு கோரி வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர் மீது துப்பாக்கிப் பிரயோகம் செய்யப்பட்டது. ஏறக்குறைய ஐம்பதின்மர் உயிரிழந்தனர். இதன் பின் கப்ராலின் கட்சி கிராமங்களை நாடிற்று. மூன்றாண்டுகளுக்கு மேலாக மக்களை ஆயத்தஞ் செய்த பின்னரே, 1963 ஜனவரியில் ஆயுதப் போர் தொடங்கிற்று. உழவன் போராடுவது தன் வாழ்வு மேம்படுதற் பொருட்டே என்பதை அவர் அறிந்திருந்தார். ஆதலின், விடுவித்த பகுதிகளிற் பாடசாலைகளும் மருத்துவ நிலையங்களும் மக்கள் பண்டகசாலைகளும் அமைக்கப்பட்டன. தம் பகை குடியேற்ற ஆட்சியே. போர்த்துக்கல் மக்கள் அல்லர் என்பதையும் அவர் இடையறாது வலியுறுத்தினார்.

1973 ஜனவரி 20ஆந் திகதி, கொனாக்ரி நகரில் தம் கட்சியைச் சேர்ந்த சிலராலேயே அவர் கொல்லப்பட்டார். எட்டு மாதங்களின் பின், செப்டெம்பர் 24இல் கினி-பிசாவு சுதந்திரம் பிரகடனஞ் செய்தது. அடுத்த ஆண்டு போர்த்துக்கலும் அதனை ஏற்றது; 1975இல் கேப் வேர்டும் விடுதலை பெற்றது. இரு நாடுகளையும் ஒன்றிணைக்க வேண்டுமென்ற கப்ராலின் எண்ணமோ, 1980இல் பிசாவில் நிகழ்ந்த இராணுவப் புரட்சியோடு குலைந்தது.

ஆட்சியைக் கைப்பற்றுதல் ஒரு பணி. அதனைக் கிராமத்து உழவனுக்குப் பயன்படச் செய்தல் மற்றொரு பணி. முதற்பணிக்கு வழிவகுத்தவர், இரண்டாவது பணியின் வேளையில் இல்லாது போனமையே அந்நாட்டின் பேரிழப்பாகும்.