முடி ஒருவர் தலையில். அதிகாரம் யார் கையில்?

(இளைஞர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



"பிரிட்டனில் மன்னரும் இருக்கிறார், பிரதமரும் இருக்கிறார். யாருடைய சொல் செல்லும்?" என்று ஒரு தம்பி எழுதிக் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி.

சட்டப்படி பார்த்தால் எல்லாமே மன்னர்தான். பிரதமரை நியமிப்பவர் அவர். அவர் ஒப்புதல் தந்தால்தான் மசோதா சட்டமாகும். ராணுவத்தினர் விசுவாசப் பிரமாணம் எடுப்பதும் அவர் பெயரில்தான்.

நடைமுறை என்ன? ஒரு மசோதாவுக்கு ஒப்புதல் மறுத்த கடைசி ஆட்சியாளர் ஆன் அரசி. ஆண்டு 1708! அதுவும் அமைச்சர்களின் ஆலோசனைப்படி. நாடாளுமன்றத் தொடக்க விழாவில் 'எனது அரசு' என்று மன்னர் உரை வாசிக்கிறாரே, அதில் ஒரு வரிகூட அவருடையதல்ல. அமைச்சரவை எழுதிக் கொடுப்பது. எட்டாம் எட்வர்டு, விவாகரத்தான ஒரு பெண்ணை மணக்க விரும்பினார். பிரதமர் பால்ட்வின் அரசு ஏற்கவில்லை. 1936 டிசம்பரில் முடியைத் துறந்து போனார் மன்னர்!

இந்த நிலை சும்மா வந்துவிடவில்லை. 1642இல் முதலாம் சார்லஸ் ஐந்து உறுப்பினர்களைக் கைது செய்ய, ஆயுதம் தாங்கியவர்களோடு மக்கள் சபைக்குள் நுழைந்தார். உள்நாட்டுப் போர் மூண்டது. 1649இல் அவர் தலை வெட்டப்பட்டது. நாடாளுமன்றத்தின் சம்மதமின்றி வரி விதிக்கக் கூடாது என்று 1689இல் உரிமைச் சட்டம் வந்தது. இன்றும் எந்த மன்னரும் மக்கள் சபைக்குள் கால் வைப்பதில்லை. அவருடைய தூதர் வந்தால் முகத்துக்கு நேரே கதவைச் சாத்திவிட்டு, அவர் தட்டிய பிறகுதான் திறக்கிறார்கள்!

வியாபாரிகளுக்குப் புரியும்படி சொல்கிறேன். கடைப் பலகையில் தாத்தா பெயர் இருக்கும். ரசீதிலும் அவர் பெயர்தான். கல்லாப்பெட்டிச் சாவியோ பேரன் கையில்! அந்தப் பேரன், தாத்தா பெயரைச் சொல்லியே தவறு செய்தால் யார் கேட்பது?

2019இல் அதுதான் நடந்தது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகுவதற்குக் குறித்த நாள் அக்டோபர் 31. நாடே இரண்டுபட்டு நின்ற நேரம். நாடாளுமன்றம் கேள்வி கேட்க வேண்டிய அந்த வேளையில், அதைச் சுமார் ஐந்து வாரம் முடக்கிவைக்கும்படி பிரதமர் போரிஸ் ஜான்சன் அரசிக்கு ஆலோசனை சொன்னார். இரண்டாம் எலிசபெத் ஆகஸ்ட் 28 அன்று ஒப்புதல் அளித்தார். பிரதமரின் ஆலோசனையை மீறும் மரபு அவருக்கு இல்லை. பெயர் அரசியுடையது, எண்ணம் பிரதமருடையது!

தடுத்தது யார்? ஜினா மில்லர் என்ற பெண் தொழிலதிபர் நீதிமன்றம் போனார். ஸ்காட்லாந்தில் நாடாளுமன்ற உறுப்பினர்கள் தனியே வழக்குத் தொடுத்தார்கள். செப்டம்பர் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒருமித்துத் தீர்ப்புச் சொன்னார்கள்: முடக்கியது சட்டவிரோதம், அது செல்லாது. மறுநாளே சபை கூடியது.

இங்கேதான் பாடம் இருக்கிறது, இளைஞர்களே! மன்னரின் அதிகாரத்தை மக்கள் பறித்தார்கள்; ஆனால் அதில் பெரும்பகுதி பிரதமரின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. ஓட்டு வாங்கி வந்தவர் என்பதற்காக அவரைக் கேள்வி கேட்காமல் விட முடியுமா?

பிரிட்டனின் இந்த முறையைத்தான் நம் நாடும் பெரிதும் பின்பற்றியது. 1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர் குடியரசுத் தலைவர் பக்ருத்தீன் அலி அகமது. ஆலோசனை பிரதமர் இந்திரா காந்தியுடையது. அமைச்சரவைக்கே மறுநாள் காலையில்தான் சொன்னார்கள்! சிறைக்குப் போனவர்கள் எத்தனை ஆயிரம் பேர்!

ஆகவே தம்பிகளே, ஓர் உத்தரவு வந்தால் கீழே யார் கையெழுத்து என்று மட்டும் பார்க்காதீர்கள். அதை எழுதிக் கொடுத்தவர் யார், அவரைக் கேட்கும் சபை திறந்திருக்கிறதா, நீதிமன்றத்தின் கதவு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். ஓட்டுப் போட்டதோடு நம் வேலை முடிந்துவிடவில்லை. அதன் பிறகுதான் தொடங்குகிறது!