உயரமும் ஒரு நுண்நாரும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எங்கள் வகுப்பிலிருந்து நால்வர் வைத்தியத்துறைக்குப் போனோம். விழாவில் ஏதாவது பேசுங்கள் என்று சங்கம் கேட்டபோது, ஃபைபிரிலின் என்ற புரதத்தைப் பற்றியே பேசுவது என்று முடிவெடுத்தோம். "கலியாண வீட்டில் சோதனைத்தாளா?" என்று செயலாளர் அக்கா சிரித்தார். காரணம் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி.

பெயர் சொல்ல மாட்டோம். அவளுடன் படித்தவர்களுக்குத் தெரியும். எல்லோரையும் விட ஒரு சாண் உயரம். கடைசி வாங்கு அவளுக்கே. நீண்ட கைவிரல்கள், தடித்த மூக்குக் கண்ணாடி, சற்றே வளைந்த முதுகு. வலைப்பந்தாட்டத்தில் அவள் வளையத்தடியில் நின்றால் பந்து எங்களுடையது. நாங்கள் அவளைக் "கொக்கு" என்றோம். அவளும் சிரித்தாள். அந்தப் பட்டப்பெயருக்குள் ஒரு நோயின் அறிகுறிகள் எல்லாம் அடங்கியிருந்தன என்பது, மருத்துவ பீடத்தில் அதே நோயைப் படித்து எழுதிச் சித்தியடைந்த பிறகும் எங்களுக்கு உறைக்கவில்லை.

முப்பத்தாறு வயதில், வெளிநாடொன்றில், நெஞ்சு கிழிவது போல வலி வந்து முதுகுக்குப் பரவியது. வாய்வு என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அன்றிரவே போய்விட்டாள். இருதயத்திலிருந்து புறப்படும் பெருநாடியின் சுவர் பிளந்திருந்தது. மார்ஃபான் நோய்.

திருக்கடலூர்க் கரையில் வலை காயக் கண்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். உடலை ஒன்றாகப் பிடித்து வைத்திருப்பது தொடுப்பிழையம். அதில் ஃபைபிரிலின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்து, ஒரு மில்லிமீற்றரின் இலட்சத்தில் ஒரு பங்கு தடிப்புள்ள நுண்நார்கள் ஆகின்றன. இந்த நார்ச் சட்டத்தின் மேல்தான் எலாஸ்ரின் என்ற மீள்தன்மையுள்ள புரதம் படிகிறது. பெருநாடி நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம் தடவை விரிந்து சுருங்குவது இந்தச் சட்டத்தின் தயவில். கண்வில்லையைத் தொங்கவிட்டிருக்கும் இழைகளோ எலாஸ்ரின் இல்லாமல், பெரும்பாலும் இந்த நுண்நார்களாலேயே ஆனவை. அதனால்தான் ஒரே குறைபாடு ஒருத்தியின் கண்வில்லையையும் நழுவச் செய்கிறது, பெருநாடியையும் வீங்கச் செய்கிறது.

நுண்நாருக்கு இன்னொரு வேலையும் உண்டு. ரிஜிஎஃப்-பீற்றா என்ற வளர்ச்சிச் சமிக்ஞைப் புரதத்தை அது கட்டி வைத்திருக்கிறது. இறங்குதுறையில் கட்டுத்தறி உக்கிப் போனால் வள்ளங்கள் தம்பாட்டில் அலையும் அல்லவா? அப்படித்தான். அவிழ்ந்த சமிக்ஞை பெருநாடிச் சுவரை மேலும் கெடுக்கிறது.

பாரிஸில் அந்துவான் மார்ஃபான், விரல்கள் மிக நீண்ட ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியை விவரித்தது 1896இல். (அவளுக்கு இருந்தது இந்த நோயல்ல, அதன் தங்கை போன்ற ஃபைபிரிலின்-2 குறைபாடு என்று பின்னாளில் பலர் கருதினார்கள். பெயர் மட்டும் நிலைத்துவிட்டது!) லின் சக்காய் குழுவினர் ஃபைபிரிலினைக் கண்டறிந்தது 1986இல். பதினைந்தாம் நிறமூர்த்தத்திலுள்ள அதன் பரம்பரையலகில் விகாரம் இருப்பது 1991இல் தெரியவந்தது.

அதே 1986 ஜனவரியில், அமெரிக்கக் கரப்பந்தாட்ட வீராங்கனை ஃபுளோ ஹைமன் யப்பானில் ஒரு போட்டியின் நடுவே வாங்கில் அமர்ந்தபடியே சரிந்து விழுந்து இறந்தார். வயது 31, உயரம் ஆறடி ஐந்து அங்குலம், ஒலிம்பிக் வெள்ளிப் பதக்கம் வென்றவர். மாரடைப்பு என்றே முதலில் நினைத்தார்கள். பிரேத பரிசோதனைதான் மார்ஃபான் என்று காட்டியது. அதன் பிறகு அவருடைய சகோதரரைச் சோதித்தபோது அவருக்கும் இருந்தது, சத்திரசிகிச்சை செய்தார்கள்.

இந்தக் கதை நினைவிருந்தபடியால் தோழியின் மகளை நாங்கள் விடவில்லை. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு சரிபாதி. "பிள்ளைக்குக் கலியாணம் பேசுற வயது, இதை ஏன் கிளறுறியள்?" என்று பெரியம்மா ஒருவர் எங்களோடு சண்டைக்கே வந்தார். அந்தப் பயம் எங்களுக்கு விளங்கும். ஆனாலும் எக்கோ பரிசோதனை செய்வித்தோம். பெருநாடியின் அடி 4.7 சென்ரிமீற்றர். கலியாணமாகிக் கர்ப்பமடைந்திருந்தால் தாயின் வழியே போயிருக்கக்கூடிய அளவு அது. கர்ப்ப காலத்திலும் பிரசவத்தை ஒட்டிய நாட்களிலும் இந்த நோயாளிகளின் பெருநாடி பிளக்கும் ஆபத்து கூடுகிறது. சத்திரசிகிச்சை முடிந்து, மாத்திரையோடு இன்று வேலைக்குப் போய்வருகிறாள்.

உயரம் நோயல்ல. தர்ஜினி சிவலிங்கம் வலைப்பந்தாட்டத்தில் நம் நாட்டுக்குத் தேடித்தந்த பெயருக்குப் பிறகு, உயரமான பிள்ளையைப் பார்த்து யாரும் பரிதாபப்படத் தேவையில்லை. பார்க்க வேண்டியது சேர்ந்து வரும் அடையாளங்களை. விரித்த கைகளின் நீளம் உயரத்தை மிஞ்சுகிறதா? பெருவிரலை மடக்கிப் பொத்தினால் நகம் முழுவதும் மறுபுறம் வெளியே தெரிகிறதா? ஒரு கையின் பெருவிரலும் சின்னவிரலும் மற்றக் கையின் மணிக்கட்டைச் சுற்றி ஒன்றின்மேல் ஒன்று ஏறுகின்றனவா? நெஞ்செலும்பு குழிந்தோ துருத்தியோ இருக்கிறதா? சிறு வயதிலேயே கடும் கிட்டப்பார்வையா? குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணமா? இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் கலங்க வேண்டாம், பலருக்கும் இருக்கும். பல சேர்ந்தால் எக்கோவும் கண் பரிசோதனையும் அவசியம். குடும்பத்தில் யாருக்கும் இல்லையே என்றும் இருந்துவிட வேண்டாம். நான்கில் ஒருவருக்கு விகாரம் புதிதாகவே தோன்றுகிறது.

ஏறத்தாழ 5000 பேருக்கு ஒருவர் என்பது கணக்கு. நமது மாவட்டச் சனத்தொகைக்கு எண்பது பேராவது வரும். அவர்களில் எத்தனை பேர் இன்று ஏதோ ஒரு பாடசாலையின் கடைசி வாங்கில் "கொக்கு"வாக இருக்கிறார்கள்? 1970களின் தொடக்கத்தில் இந்த நோயாளிகளின் சராசரி ஆயுள் முப்பத்திரண்டு வயது அளவில் இருந்தது. நேரத்தோடு கண்டுபிடித்து, இரத்த அழுத்தத்தைத் தணிக்கும் மாத்திரை கொடுத்து, பெருநாடி ஐந்து சென்ரிமீற்றரை எட்டும் அளவில் மாற்றிவிட்டால் எழுபதைத் தாண்டலாம்.

மதிய உணவுக்குப் பிறகு நாங்கள் நால்வரும் உயிரியல் ஆய்வுகூடத்தில் இருப்போம். தையல் வகுப்பு அளவுநாடா ஒன்றை இரவல் வாங்கியிருக்கிறோம். பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.