வரவு ஓரிடம், செலவு ஓரிடம்: பன்னாட்டு விளையாட்டு விழாக்களின் வணிக எதிர்காலம்



இலக்கியமும் இசையும் பேசிப் பழகிய மேடையில் விளையாட்டின் கணக்கு வழக்கைப் பேச இசைவு தந்தமைக்கு நன்றி. 2030 காமன்வெல்த் போட்டி அகமதாபாத்துக்கு வந்துவிட்டது. 2036 ஒலிம்பிக்கை நடத்த விரும்புவதாக 2024 அக்டோபரில் இந்தியா முறைப்படி கடிதமும் கொடுத்திருக்கிறது. பல நாடுகள் பின்வாங்கும் நேரத்தில் நாம் முன்னே போகிறோம். இவ்விழாக்களுக்கு வணிக எதிர்காலம் உண்டா? உண்டு என்பதே என் எண்ணம். ஆனால் வரவை ஒருவர் வாங்கிக்கொள்ள, செலவை இன்னொருவர் சுமக்கும் இன்றைய ஏற்பாடு நெடுநாள் ஓடாது.

1. சென்னை கண்ட விழா

1995 டிசம்பர் 18 முதல் 27 வரை சென்னையில் தெற்காசியக் கூட்டமைப்பு விளையாட்டுப் போட்டி நடந்தது. சாஃப் போட்டி என்றால் உங்களில் பலருக்கு நினைவு வரும். இங்கே மயிலாப்பூர் சபாக்களில் மார்கழிக் கச்சேரி களைகட்டியிருந்தபோது, பெரியமேடு நேரு விளையாட்டரங்கில் ஏழு நாட்டு வீரர்கள் அணிவகுத்தார்கள். அதற்காகக் கட்டப்பட்டதுதான் வேளச்சேரி நீச்சல் வளாகம்.

அந்தப் போட்டி பிறகு என்ன ஆனது? இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்க வேண்டியது, 2010இல் டாக்காவில் நடந்தபின் 2016இல்தான் குவாஹாட்டிக்கும் ஷில்லாங்குக்கும் வந்தது. 2019இல் நேபாளத்தில் நடந்தது. அடுத்த முறை பாகிஸ்தானுக்கு. அது தள்ளிக்கொண்டே போனது. பெரிய ஒளிபரப்பு வருமானம் இல்லாத போட்டி, அரசுகளின் உறவு கெட்டால் நின்றுவிடுகிறது. ஆனால் வேளச்சேரிக் குளம் நம்மிடமே இருக்கிறது.

நுங்கம்பாக்கம் டென்னிஸ் அரங்கு சொல்லும் பாடம் வேறு. 1997 முதல் 2017 வரை ஒவ்வோர் ஆண்டும் அங்கே ஏடிபி போட்டி நடந்தது. நடாலும் வாவ்ரிங்காவும் ஆடிய இடம் அது. 2018இல் போட்டி புனேவுக்குப் போய்விட்டது. அரங்கு நம்முடையது, போட்டியின் உரிமம் நம்முடையதாக இருக்கவில்லை. இந்த ஒரு வேறுபாட்டில்தான் இன்றைய பேச்சு முழுவதும் அடங்கியிருக்கிறது.

2. உரிமம் வைத்திருப்பவர்

2017 முதல் 2021 வரையான ஒலிம்பிக் சுற்றில் பன்னாட்டு ஒலிம்பிக் குழு ஈட்டியது ஏறத்தாழ 760 கோடி டாலர். அதில் சுமார் 60 விழுக்காடு ஒளிபரப்பு உரிமத்தால் வந்தது. நடத்தும் ஊரின் அமைப்புக் குழுவுக்கும் ஒரு பங்கு போகிறது. ஆனால் அரங்கு, சாலை, பாதுகாப்பு, கட்டுமானத்தில் விலையேற்றம் எல்லாம் உள்ளூர் வரிப்பணத்தின் தலையில் விழுகின்றன. 1976 ஒலிம்பிக்கை நடத்திய மான்ட்ரியல் அந்தக் கடனை அடைத்து முடித்தது 2006இல்.

அந்த அனுபவத்தைப் பார்த்து மற்ற ஊர்கள் ஒதுங்கின. 1984க்குக் கடைசிவரை நின்றது லாஸ் ஏஞ்சல்ஸ் மட்டுமே. போட்டிக்கு ஆள் இல்லாததால் அது பேரம் பேச முடிந்தது: நஷ்டம் வந்தால் நகராட்சி பொறுப்பேற்காது என்றது. பீட்டர் யூபராத் தலைமையிலான அமைப்புக் குழு பழைய அரங்குகளையே பெரும்பாலும் பயன்படுத்தி, 20 கோடி டாலருக்கு மேல் உபரி காட்டியது. விளம்பரதாரர் பணம் மட்டும் அந்த உபரியைத் தரவில்லை; புதிதாகக் கட்டாததும் தந்தது.

ஒளிபரப்புப் பணம் இன்றும் வலுவாகவே இருக்கிறது. அமெரிக்காவின் என்பிசி 2036 வரை ஒப்பந்தத்தை நீட்டித்திருக்கிறது. விளம்பரதாரர் பக்கம் அப்படி இல்லை: பாரிஸ் ஒலிம்பிக் முடிந்த 2024ஆம் ஆண்டோடு டொயோட்டா, பானசோனிக், பிரிட்ஜ்ஸ்டோன் மூன்றும் விலகின.

3. டெல்லியும் விக்டோரியாவும்

டெல்லி 2010 காமன்வெல்த் போட்டி தன் செலவைத் தானே ஈட்டிக்கொள்ளும் என்று அமைப்புக் குழு சொன்னது. தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2011 அறிக்கை, அரசுத் தரப்பு மதிப்பீட்டை 18,500 கோடி ரூபாய்க்கு மேல் என்று காட்டியது. அமைப்புக் குழுவின் கைக்கு வந்த நிகர வருமானமோ 174 கோடியை எட்டவில்லை.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் இப்படி ஒரு கணக்கு வருமுன்னே விழித்துக்கொண்டது. 2026 போட்டிக்கு 260 கோடி ஆஸ்திரேலிய டாலர் என்று போட்ட மதிப்பு 600 கோடியைத் தாண்டுமென்று தெரிந்ததும், 2023 ஜூலையில் விலகி, 38 கோடி டாலர் இழப்பீடு கட்டியது. போட்டி, இருக்கிற அரங்குகளோடு, 10 விளையாட்டுகளாகச் சுருங்கி கிளாஸ்கோவுக்குப் போனது. ஹாக்கி, பேட்மின்டன், மல்யுத்தம், துப்பாக்கி சுடுதல் எதுவும் அதில் இல்லை. இந்தியர் பதக்கம் வெல்லும், விரும்பிப் பார்க்கும் விளையாட்டுகள் இவை. செலவைக் குறைத்தபோது மிகப் பெரிய பார்வையாளர் சந்தையின் ஆர்வத்தையும் சேர்த்துக் குறைத்துவிட்டார்கள். 2030இல் அகமதாபாத் தீர்க்க வேண்டிய முடிச்சு இது.

4. மாடவீதிக் கணக்கு

இந்த முடிச்சுக்கு வழிகாட்டும் ஓர் ஏற்பாடு இந்த மண்டபத்துக்கு அருகிலேயே இருக்கிறது. கபாலீசுவரர் கோயில் பங்குனிப் பெருவிழாவில் அறுபத்துமூவர் உலா காணப் பெருங்கூட்டம் கூடுகிறது. உபயதாரர் பொருள் தருகிறார், பெயர் பெறுகிறார். தேரும் வாகனமும் கோயிலுடையவை, வீதி ஊருடையது. விழாவுக்காக எவரும் புதிய மாடவீதி போடுவதில்லை. விழா தன்னை நடத்தும் ஊரை ஏலம் விட்டுத் தேடுவதுமில்லை.

பன்னாட்டுப் போட்டிகளும் அந்த வழிக்குத்தான் வந்தாக வேண்டும்: இருக்கிற அரங்குகளைச் சுற்றிவரும் போட்டி, பல நகரங்கள் பகிர்ந்துகொள்ளும் போட்டி. 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் போட்டியைச் சென்னை, மதுரை, திருச்சி, கோவை நான்கும் பகிர்ந்துகொண்டன. எழும்பூர் ஹாக்கி அரங்கு 2023இல் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையைக் கண்டது. 2025இல் ஜூனியர் உலகக் கோப்பையை மதுரையோடு பங்கிட்டுக்கொண்டது.

5. கேட்க வேண்டியவை

நாளை நம் நகருக்கும் ஒரு பங்கு வரலாம். வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். தி.நகர் சோமசுந்தரம் மைதானத்தின் ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்தவர் யாரும் இந்த ஊருக்கு விளையாட்டரங்கு வீண் என்று சொல்லமாட்டார். ஆனால் கையெழுத்துக்கு முன் மூன்று தாள்கள் மக்கள் பார்வைக்கு வரவேண்டும். ஒன்று, ஒளிபரப்பு, விளம்பர வருமானத்தில் நம் பங்கு என்ன என்ற ஒப்பந்தம். இரண்டு, நஷ்டம் வந்தால் கட்டுபவர் யார் என்ற உத்தரவாதம். மூன்று, போட்டி முடிந்தபின் பத்து ஆண்டுக்கு ஒவ்வோர் அரங்கையும் யார் பயன்படுத்துவார், யார் பராமரிப்பார் என்ற திட்டம்.

விளையாட்டு விழாவைக் கேட்டு நிற்கும் ஊர்கள் குறைந்துவிட்டன. 1984இல் லாஸ் ஏஞ்சல்சுக்கு இருந்த பேரம் பேசும் வலு இன்று இந்தியாவிடம் இருக்கிறது. மரியாதைக்காக அதை விட்டுக்கொடுத்தால் டெல்லிக் கணக்கையே அகமதாபாத்திலும் எழுத நேரும்.