வண்டி வாங்கினால் போதுமா?

 

நம் சங்கத்திடம் ஜனாஸா வேன் இருக்கிறது. அதற்கு மூன்றே வெள்ளிக்கிழமைகளில் வசூல் சேர்ந்தது. இந்த ஐம்பதாம் ஆண்டில் ஓர் ஆம்புலன்ஸும் வாங்கலாம் என்றுதான் இளைஞர்களாகிய நாங்கள் முதலில் நினைத்தோம். கணக்குப் போட்டதும் எண்ணம் மாறியது.

நாங்கள் வியாபாரிகள். கடையைத் திறக்க ஒரு தடவைச் செலவு. திறந்தே வைக்கத் தினமும் செலவு. ஆம்புலன்ஸ் 24 மணி நேரமும் தயாராக நிற்க மூன்று ஷிப்டு வேண்டும். ஷிப்டுக்கு ஓட்டுநர் ஒருவர், மருத்துவ உதவியாளர் ஒருவர் என்றால் ஆறு பேர். விடுப்புக்கு மாற்றாள் வேறு. பிறகு ஆக்சிஜன், மருந்து, எண்ணெய், டயர். நன்கொடையில் வண்டி வாங்கலாம். ஆண்டுக்கணக்கில் சம்பளம் கொடுக்க முடியாது.

ரப்பர் தோட்டக் காலத்தில் தொழிலாளரின் வைத்தியம் சட்டப்படி நிர்வாகத்தின் பொறுப்பு. டிரெசர் லயத்துக்கே வருவார். தோட்டங்கள் செம்பனையாகவும் தாமானாகவும் மாறின, டிரெசரும் போனார். அப்படியொரு பழைய தோட்டத்தில் எங்கள் மாமுவுக்கு நெஞ்சுவலி. உதவிக்கு அழைத்தோம். அருகிலிருந்த வண்டி வேறு நோயாளியுடன் போயிருந்தது. தூரத்திலிருந்து வந்த வண்டிக்கு இடம் தெரியவில்லை. நாங்கள் சொன்ன தோட்டப் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. மாமு மௌத்தானார். உடனே வந்து சேர்ந்தது நம் ஜனாஸா வேன்தான்.

தமிழ்நாட்டில் 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் அரசுப் பணத்தில் இலவசமாக ஓடுகிறது. இலங்கையில் 2016இல் இந்திய நன்கொடையால் 1990 சேவை தொடங்கியது. 2018இல் அதற்கெனத் தனிச் சட்டமே இயற்றினார்கள். தொடங்கி வைக்க நன்கொடை போதும். தொடர்ந்து ஓட அரசு வேண்டும்.

ஆகவே சங்கத்துக்கு எங்கள் வேண்டுகோள் மூன்று. ஒவ்வொரு பட்ஜெட்டுக்கும் முன்னர், ஈப்போ, சுங்கை சிப்புட், கம்பார், தாப்பா வட்டாரங்களில் ஆம்புலன்ஸுக்கும் அதன் ஆட்களுக்கும் நிலையான ஒதுக்கீடு கேட்டு, எல்லா இன அமைப்புகளோடும் சேர்ந்து நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் மனு கொடுப்போம். பழைய தோட்டக் குடியிருப்புகளுக்குப் பெயர்ப்பலகையும் வீட்டு எண்ணும் கேட்டு ஊராட்சி மன்றங்களை அணுகுவோம். வண்டி வரும்வரை நெஞ்சை அழுத்தி உயிர்காக்கும் முதலுதவியை நம் மண்டபத்திலேயே கற்றுக்கொள்வோம்.

இறந்தவரைச் சுமப்பது நம் கடமை. அதற்கு முந்திய கடமையும் நமக்கு உண்டு. அல்லாஹ் தௌபீக் செய்வானாக! வஸ்ஸலாம்.