சாய்தளம் இருக்கிறது, பாடம் எப்போது வந்தது?



என் உரைக்குத் திரைக்காட்சி எதுவும் கிடையாது. படம் தெளிவாகத் தெரியட்டும் என்று அரங்க விளக்குகளை அணைத்துவிட்டால், மேடை ஓரத்தில் நின்று என் பேச்சைச் சைகை மொழியில் பெயர்த்துக்கொண்டிருக்கிறாரே, அவருடைய கைகள் முன்வரிசை மாணவர்களுக்குத் தெரியாது. காலையில் அவர்தான் இதை எனக்குச் சொன்னார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பெடுத்த எனக்கு அது தோன்றவே இல்லை. இந்த மாநாட்டுக்குத் தலைமை ஏற்க எனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால், இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குப் பல்கலைக்கழகங்கள் தரும் சேவைகளை மதிப்பிடுவதும் மேம்படுத்துவதும் நம் பொருள். மேம்பாட்டைப் பற்றி இரண்டு நாளும் பேசப்போகிறீர்கள். நான் மதிப்பீட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் நாக் குழு வருகிறது என்றால் கல்லூரியில் முதலில் வருவது சுண்ணாம்பு வாசனை. அதற்கென நாம் எழுதிவந்த தன்னாய்வு அறிக்கையின் ஏழாவது பகுதியில், தடையற்ற சூழல் உண்டா என்று ஒரு கேள்வி இருக்கும். சாய்தளம் அல்லது மின்தூக்கி, கழிப்பறை, வழிகாட்டிப் பலகை, திரைவாசிப்பு மென்பொருள் போன்ற தொழில்நுட்ப உதவி, படித்துக்காட்டவும் எழுதித்தரவும் ஆள் என்று ஐந்து இனங்கள். எத்தனை இருக்கிறதோ அதற்கேற்ப மதிப்பெண். சான்றுக்கு, எடுத்த இடம் பதிவான புகைப்படம்.

புகைப்படத்தில் சாய்தளம் தெரியும், சரிவு தெரியாது. ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது கணக்கு. 45 சென்டிமீட்டர் உயரமுள்ள மூன்று படிக்கட்டுக்கு 5.4 மீட்டர் நீளம் வேண்டும். நான் டேப் வைத்து அளந்த ஒரு கட்டடத்தில் இரண்டு மீட்டர்கூட இல்லை. அதில் சக்கர நாற்காலி ஏறி நான் பார்க்கவில்லை. அலுவலக உதவியாளரின் டிவிஎஸ் 50 தினமும் ஏறியது.

ஆகவே ‘இருக்கிறதா?’ என்ற கேள்வி போதாது. ‘எப்போது கிடைத்தது?’ என்று கேட்டுப் பாருங்கள். விடை வேறாக இருக்கும். என் கதையையே சொல்கிறேன்.

நான் துறைத்தலைவராக இருந்தபோது முதுகலைத் தமிழுக்கு ஒரு பார்வையற்ற மாணவி வந்து சேர்ந்தார். ஜூலை மாதம். பாடக்குறிப்புகளைக் கணினிக் கோப்பாகத் தரமுடியுமா என்று கேட்டார். மறுநாளே பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன். கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. மூன்றாம் நாள் தயங்கியபடி வந்து நின்றார். “ஐயா, ‘தமிழ்’னு இருக்கிற இடத்துல எல்லாம் ‘ஜே கே பி ஓ செமிகோலன்’னு படிக்குதுங்க.”

எனக்குப் புரியவில்லை. என் திரையில் அழகான தமிழ் எழுத்து. பிறகுதான் துறை நண்பர் ஒருவர் விளக்கினார். என் குறிப்புகள் எல்லாம் பாமினி எழுத்துருவில் அடித்தவை. பாமினியில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. மேலே போர்த்தியிருப்பதுதான் தமிழ் வடிவம். கண் போர்வையைப் படிக்கும். திரைவாசிப்பு மென்பொருள் உள்ளே இருப்பதைப் படிக்கும். தமிழ் இலக்கியம் படிக்க வந்த பெண்ணின் காதில் நான் மூன்று நாள் ஆங்கில நெடுங்கணக்கை ஓதியிருக்கிறேன்.

அடுத்து என்ன செய்தேன்? அச்சுப் பக்கங்களை ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கிக் கொடுத்தேன். அது வெறும் படம். மென்பொருள் வாயே திறக்கவில்லை. பிறகு, உள்ளேயும் தமிழே இருக்கும் ஒருங்குறிக்கு மாற்ற ஆள் தேடி, அவர் தேர்வு வேலையில் மூழ்கி, நான் மறந்து, அந்தப் பெண் நினைவூட்டக் கூச்சப்பட்டு, கடைசியில் படிக்கக்கூடிய கோப்பு அவர் கைக்குப் போனது அக்டோபர் இரண்டாம் வாரம். அகமதிப்பீட்டுத் தேர்வுகள் இரண்டும் முடிந்திருந்தன. இத்தனைக்கும் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்று ஆணை பிறப்பித்தது 2010இல். அச்சு நூலைப் பார்வையற்றோர் படிக்கும் வடிவுக்கு மாற்றப் பதிப்புரிமைச் சட்டம் 2012இலேயே வழிவிட்டது. அதற்கான மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் உலகிலேயே முதலாவதாக ஏற்புறுதி செய்த நாடும் நம்முடையதுதான். எல்லாம் வழிவிட்ட பிறகு குறுக்கே நின்றது என் எழுத்துரு. அந்த ஆண்டு எங்கள் அறிக்கையில் ‘திரைவாசிப்பு மென்பொருள்: உண்டு’ என்று எழுதி நான்தான் கையொப்பமிட்டேன். அது பொய்யும் இல்லை.

அன்றிலிருந்து என்னிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. மாணவர் கேட்ட தேதி, நாம் கொடுத்த தேதி, அவர் பயன்படுத்த முடிந்த தேதி என்று மூன்று பத்தி. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையில் விழும் நாட்கள் எந்த அறிக்கையிலும் இல்லை. இந்த மாநாட்டில் ஒரு மதிப்பீட்டுக் கருவி உருவாகுமானால், அந்த இடைவெளியை அளப்பதாக இருக்கட்டும்.

தேர்வில் மாணவர் சொல்லச் சொல்ல எழுதித்தரும் ஸ்கிரைப் விஷயத்தையும் இதே நோட்டில் எழுதலாம். மத்திய அரசின் 2018 வழிகாட்டுதலில், தேர்வு நடத்துவோரே ஸ்கிரைப் தந்தால் இரண்டு நாள் முன்பாக மாணவர் அவரைச் சந்தித்துப் பொருந்துவாரா என்று பார்க்க வாய்ப்புத் தரவேண்டும் என்று இருந்தது. இந்த அரங்கில் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர்கள் சிலர் இருக்கிறீர்கள். சென்ற பருவத்தில் எத்தனை பேர் அப்படிச் சந்தித்தார்கள்? நான் பார்த்தவரை, மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது இளங்கலை முதலாண்டுப் பையன் ஒருவனைக் கூப்பிட்டு உட்காரவைப்போம். இயற்பியல் மாணவர் தொகையீட்டுக் குறி என்று சொன்னால் அவன் நிமிர்ந்து பார்ப்பான். மணிக்கு இருபது நிமிடம் கூடுதல் நேரம் உண்டு. மூன்று மணித் தேர்வு நான்கு மணியாகிறது. அந்த நான்காவது மணியில் அறைக் கண்காணிப்பாளர் கடிகாரம் பார்ப்பார், ஜன்னல்களைச் சாத்துவார், கல்லூரிப் பேருந்து கிளம்பிப் போய்விடும். பேருந்தைப் பிடிக்க அரைமணி முன்னதாகவே தாளைக் கொடுத்துவிட்டுப் போகும் மாணவர், நம் கணக்கில் கூடுதல் நேரம் பெற்றவர்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஊனத்தின் வகைகளை ஏழிலிருந்து இருபத்தொன்றாக்கியது. தலசீமியாவும் அதில் ஒன்று. சில வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றிக்கொள்ள மருத்துவமனைக்குப் போகவேண்டிய மாணவருக்கு வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போகிறது. அந்தக் குறைவைப் பொறுத்துக்கொள்ள நாம் கண்டோனேஷன் கட்டணம் வாங்குகிறோம். உயர்கல்வியில் ஐந்து சதவீத இட ஒதுக்கீட்டில் அவரைச் சேர்த்துவிட்டு, வராததற்கு அபராதம். நாற்பது சதவீத ஊனச் சான்றிதழ் இல்லாதவர் நிலை இன்னும் சிக்கல். எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் விகாஷ் குமார் என்ற தேர்வருக்கு அந்தச் சான்றிதழ் இல்லாமலே ஸ்கிரைப் உண்டு என்று 2021இல் உச்சநீதிமன்றம் சொன்னது. இன்றும் நம் அலுவலக ஜன்னலில் முதல் கேள்வி, “எத்தனை பர்சன்ட்?”

சரி, மதிப்பிடுவது யார்? கட்டுரைச் சுருக்கங்களைப் படித்தேன். பலவற்றில் ஐந்து புள்ளி அளவுகோலில் ‘மனநிறைவு’ கேட்டிருக்கிறீர்கள். என் கையால் அகமதிப்பீட்டு மதிப்பெண் வாங்கவேண்டிய மாணவர், நான் நீட்டும் படிவத்தில் ‘நிறைவில்லை’ என்று எப்படிக் குறிப்பார்? அதைவிடப் பெரிய ஓட்டை, படிவம் போய்ச் சேர்வது வகுப்பில் மிஞ்சியவர்களிடம் மட்டும். இரண்டாம் பருவத்தோடு நின்றவர் ஊரில் இருக்கிறார். சேவை தோற்ற இடம் அவருக்குத்தான் தெரியும். மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்த நாளிலாவது அவரை உட்காரவைத்துக் கேட்டோமா?

சேவையைப் பெறுபவரே அதைத் தீர்மானித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1962இல் எட் ராபர்ட்ஸ் என்ற மாணவர் சேர்ந்தார். போலியோவால் கைகால் செயலிழந்தவர்; மூச்சுவிட இரும்பு நுரையீரல் என்ற பெரிய இயந்திரம் வேண்டும். விடுதியில் அந்த இயந்திரத்துக்கு வசதியில்லை என்று வளாக மருத்துவமனையில் தங்கவைத்தார்கள். அங்கே அடுத்தடுத்து வந்த மாணவர்கள் ஒரு குழுவாகி, 1970இல் தங்களுக்கான சேவை மையத்தைத் தாங்களே வடிவமைத்தார்கள். அது எடுத்துக்கொண்ட வேலைகளில் ஒன்று சக்கர நாற்காலி பழுதுபார்ப்பது. நிர்வாகம் தானாகத் திட்டம் போட்டிருந்தால் திறப்புவிழா கல்வெட்டு வந்திருக்கும். பஞ்சர் ஒட்டுவது வந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பரில் உச்சநீதிமன்றம் தந்த தீர்ப்பைப் பற்றிச் சட்டத்துறையினர் நாளை பேசுவார்கள். அணுகல்தன்மை விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்கக்கூடாது, கட்டாயமாக வேண்டும் என்கிறது அது. நான் அதற்குள் போகவில்லை.

முதல் அமர்வைத் தொடங்கிவிடலாம். கட்டுரை வாசிக்கப்போகும் ஆய்வு மாணவர் சக்கர நாற்காலியில் இருக்கிறார். இந்த மேடைக்கு நான்கு படி, சாய்தளம் இல்லை. நாலு பேர் சேர்ந்து தூக்கிவிடுகிறோம் என்று அமைப்பாளர்கள் அன்போடு சொன்னார்கள். அவரிடம் கேட்டேன், தூக்கவேண்டாம் என்றார். ஆகவே தலைவர் மேசையைக் கீழே இறக்கச் சொல்லியிருக்கிறேன். இந்த மைக்கின் ஒயர் அதுவரை வருகிறது, காலையிலேயே இழுத்துப் பார்த்துவிட்டேன். மேடையில் இருப்பவர்கள் தயவுசெய்து என்னோடு இறங்கி வாருங்கள்.