மிதிவண்டியில் மலைவழி

மலைநாட்டைக் காணச் செல்வோர் இந்நாளில் பெரும்பாலும் மோட்டார் வண்டியிலேயே செல்கின்றனர். அடிவாரத்தில் ஏறி அமர்ந்தவர் உச்சியில் இறங்குகிறார். இடையிலுள்ள மலையை அவர் கண்டார் எனலாம். அறிந்தார் எனல் அரிது. நடந்து செல்பவர் நன்கு அறிவார். ஆயினும் ஒரு நாளில் அவர் கடக்கும் தொலைவு சிறிது. இவ்விருவருக்கும் நடுவே மூன்றாமவர் ஒருவர் உண்டு. அவர் மிதிவண்டியில் செல்பவர். அவருடைய பயணத்தைப் பற்றியே இங்குச் சில சொல்ல விரும்புகிறேன்.

மிதிவண்டி என்றவுடன் நம் நினைவுக்கு வருவோர் தபால்காரரும் பால்காரரும் பள்ளிப் பிள்ளைகளுமே. அன்றாடப் பிழைப்புக்கு உதவும் ஊர்தி நெடும்பயணத்துக்கு ஏற்றதன்று என்ற எண்ணம் நம்மிடையே ஊறிப் போயிருக்கிறது. ஆனால் 1923ஆம் ஆண்டிலேயே பம்பாயிலிருந்து ஆறு பார்ஸி இளைஞர்கள் மிதிவண்டியில் உலகைச் சுற்றிவரப் புறப்பட்டனர். அவர்களுள் அதி ஹக்கீம், ஜால் பாபசோலா, ருஸ்தம் பூம்காரா ஆகிய மூவர் 1928இல் சுற்றை முடித்துத் திரும்பினர். நமக்கு உலகமெல்லாம் வேண்டுவதில்லை. இரண்டு நாள் விடுமுறையும் ஒரு மலையும் போதும்.

நான் குடியிருக்கும் கழக்கூட்டம், திருவனந்தபுரத்துக்கு வடக்கே கடலுக்கு அண்மையில் உள்ள ஊர். 1962இல் நிறுவப்பட்ட சைனிக் பள்ளியும், 1990இல் தொடங்கப்பெற்ற டெக்னோபார்க்கும் இவ்வூருக்குப் பெயர் தேடித் தந்தவை. நாள் முழுவதும் நாற்காலியில் அமர்ந்து உழைப்போர் இங்கு மிகுதி. அரசாங்கக் காகிதங்களை மொழிபெயர்த்துக் காலம் கழிக்கும் நானும் அவர்களில் ஒருவன். இங்கிருந்து கிழக்கு நோக்கி மலைக்குச் செல்ல இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று மலைமுடிக்கு ஏறுவது; மற்றொன்று மலையிடுக்கின் வழியே அப்பால் செல்வது.

முதல் வழி பொன்முடிக்குச் செல்வது. நெடுமங்காடு, விதுரை வழியாக ஏறத்தாழ 60 கிலோமீட்டர். நெடுமங்காடு வரையில் மலை தொடங்கவில்லை என்று வரைபடம் சொல்லும். கால்கள் அதை ஒப்புக்கொள்ளா. கேரளத்தின் இடைநாட்டில் சமதரை என்பதே அரிது. செம்பாறைக் குன்றுகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து தாழ்கின்றன. காரில் செல்பவருக்கு இவை தெரிவதே இல்லை. விதுரையைக் கடந்து கல்லாற்றை அடைந்தால், உருண்ட பாறைகளுக்கிடையே ஓடும் தெளிந்த நீரைக் காணலாம். அங்கிருந்து மேலே 22 கொண்டை ஊசி வளைவுகள். கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் காடு திடீரென விலக, புல்வெளி விரிகிறது. 2023ஆம் ஆண்டு அக்டோபரில் ஆசிய மலை மிதிவண்டிப் போட்டிகள் நடைபெற்றது இந்தப் பொன்முடியில்தான்.

இந்த ஏற்றத்தின் கணக்கைச் சற்றுப் பார்ப்போம். ஆளும் வண்டியும் மூட்டையுமாக 85 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனை 1,000 மீட்டர் உயர்த்த நம் உடல் செலவிடுவது ஏறத்தாழ ஒரு முழுச் சாப்பாட்டின் சக்தி. சாதாரண மிதிவண்டியில் ஒரு முறை மிதித்துச் சுற்றினால் வண்டி 5 மீட்டருக்கு மேல் நகரும். பதினைந்துக்கு ஒன்று என உயரும் சாலையில், ஒவ்வொரு சுற்றுக்கும் அந்த 85 கிலோவை ஓர் அடிக்கு மேல் தூக்க வேண்டும். பல்சக்கரங்களை மாற்றிக்கொள்ளும் வசதியுள்ள வண்டியில் ஒரு சுற்றுக்கு 2 மீட்டர் மட்டும் நகருமாறு செய்துகொள்ளலாம். அப்போது ஒவ்வொரு முறையும் தூக்க வேண்டியது சுமார் அரைச் சாண் உயரமே. வேலை மொத்தத்தில் ஒன்றுதான். அதைச் சிறு சிறு பங்காகப் பிரித்துக்கொள்கிறோம்.

இவ்வளவு எளிய உண்மையை உலகம் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. பிரான்ஸ் நாட்டில் 'வெலோசியோ' என்னும் புனைபெயரில் எழுதிய பால் தெ விவி என்பவர், 1853 முதல் 1930 வரை வாழ்ந்தவர், மலைப் பயணத்துக்குப் பல்சக்கர மாற்றம் இன்றியமையாதது என்று வாழ்நாளெல்லாம் வாதாடினார். அந்நாட்டின் புகழ்பெற்ற மிதிவண்டிப் பந்தயத்தைத் தோற்றுவித்த ஆன்றி தெக்ரான்ஷோ, அத்தகைய வசதி நாற்பத்தைந்து வயதைக் கடந்தோருக்கே உரியது என்று 1902இல் எழுதினார். அவருடைய பந்தயத்தில் சங்கிலியை மாற்றும் கருவிக்கு 1937இல்தான் இடம் கிடைத்தது. நானும் அவ்வயதை நெருங்கிக்கொண்டிருப்பவன். ஆகவே அவர் அளித்த சலுகையை நன்றியுடன் ஏற்றுக்கொள்கிறேன்.

வெலோசியோ பயணிகளுக்கு வகுத்த விதிகளில் இரண்டு, நம் நாட்டு வெயிலுக்கு மிகவும் பொருந்துவன. தாகம் எடுக்குமுன் நீர் பருக வேண்டும், பசி எடுக்குமுன் உண்ண வேண்டும் என்பது ஒன்று. வீம்புக்காக மிதிக்கலாகாது என்பது மற்றொன்று. இரண்டாவதே பெரிது என்பேன். ஏற்றத்தில் மூச்சு முட்டும்போது இறங்கி வண்டியைத் தள்ளிச் செல்வதில் இழிவு ஒன்றும் இல்லை. தள்ளும்போதுதான் பாறையில் கசியும் நீரும், அட்டையும், பாசியும், மலையணிலின் குரலும் புலப்படுகின்றன. மொழிபெயர்ப்பாளன் கடினமான சொல்லைத் தாண்டிச் செல்ல முடியாது. நின்று, சுமந்து, கடந்தாக வேண்டும். மலைச்சாலையும் அவ்வாறே.

ஏறுவது சிரமம், ஆபத்து இறங்குவதில் இருக்கிறது. ஏறும்போது சேர்த்த சக்தி முழுவதும் இறங்கும்போது வெளிப்பட்டாக வேண்டும். 85 கிலோ 1,000 மீட்டர் இறங்கினால், அதிலிருந்து எழும் வெப்பம் இரண்டரை லிட்டர் நீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. ஒரு பகுதியைக் காற்று வாங்கிக்கொள்கிறது. எஞ்சியது பிரேக் கட்டையிலும் சக்கர விளிம்பிலும் ஏறுகிறது. இடைவிடாது பிரேக்கை அழுத்திக்கொண்டே வருபவர் வண்டிக்குக் கேடு செய்கிறார், தமக்கும் செய்துகொள்கிறார். வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்குகளையும் விட்டு விட்டு அழுத்தி வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். சில வளைவுகளுக்கு ஒரு முறை நின்று சக்கரம் ஆறவிட வேண்டும். விளிம்பு நனைந்திருந்தால் வண்டி நிற்கக் கூடுதல் தொலைவு ஆகும் என்பதை மறக்கலாகாது. யானைகள் நடமாடும் காடாதலால், பொழுது சாயுமுன் கீழே வந்துவிடுவது அறிவுடைமை.

இரண்டாம் வழி இன்னும் சுவையானது. நெடுமங்காட்டிலிருந்து பாலோடு, மடத்தறை, குளத்துப்புழை, தென்மலை வழியாக ஆரியங்காவுக் கணவாயைக் கடந்து செங்கோட்டைக்குச் செல்வது. தென்மலைக்குக் கிழக்கே சாலை, ஆறு, இருப்புப்பாதை மூன்றும் ஒரே மலையிடுக்கில் நெருங்கிச் செல்கின்றன. 1904இல் திறக்கப்பட்ட கொல்லம்–செங்கோட்டைப் பாதைக்காகக் கட்டிய பதின்மூன்று வளைவுப் பாலம் சாலையோரத்திலேயே நிற்கிறது. மீட்டர் பாதை அகலப் பாதையாக மாற்றப்பட்டு, 2018இல் மீண்டும் முழுமையாகத் திறக்கப்பட்ட பின்னரும் அது பயன்படுகிறது. அதன் நிழலில் வண்டியைச் சாய்த்து இளைப்பாறலாம்.

ஆரியங்காவுக்கு மேற்கே பெய்யும் மழை கல்லடையாற்றில் சேர்ந்து அஷ்டமுடிக் காயலை அடைகிறது. கிழக்கே பெய்வது சிற்றாற்றின் வழியே தாமிரபரணியில் கலக்கிறது. இதனைப் பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்போம். மிதிவண்டிக்காரரோ, மிதித்த கால் தானாக ஓயும் இடத்தில் அதை உணர்கிறார். புளியரைக்கு இறங்கும் வளைவுகளில் காடு மெலிந்து வயல்களும் பனைகளும் எதிர்ப்படுகின்றன. தென்மேற்குப் பருவத்தில் கணவாய்க் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளுகிறது. திரும்பும்போது அதே காற்று வழி மறிக்கிறது. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை மலைக்கு மேற்கேயுள்ள அரசைச் சேர்ந்திருந்தது. ஆட்சியின் எல்லை மாறினும் வழிப்பெயர்கள் மாறவில்லை. கல்லாறு, பொன்முடி, பாலருவி: இவற்றை மொழிபெயர்க்க எனக்கு வேலையே இல்லை.

இறுதியாக ஒன்று சொல்ல வேண்டும். மலை நம் பொழுதுபோக்குக்காக அமைந்த காட்சியன்று. அதில் மக்கள் வாழ்கின்றனர். நாம் விடுமுறையில் விரும்பி மேற்கொள்ளும் ஏற்றத்தைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அன்றாடம் மூட்டையுடன் ஏறுகின்றனர். 2020 ஆகஸ்டில் மூணாற்றுக்கு அருகே பெட்டிமுடியில் இரவில் மலை சரிந்து 70 பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளரும் அவர்தம் குடும்பத்தாருமே. கனமழை எச்சரிக்கை விடுக்கப்பட்ட நாளில் நாம் பயணத்தை ஒத்திவைக்கலாம். அச்சரிவின் கீழ் லயங்களில் உறங்குவோருக்கு அவ்வசதி இல்லை.

ஆகவே மலைக்குச் செல்வோர் தேநீர்க் கடையில் நின்று இரண்டு வார்த்தை பேசட்டும். பிளாஸ்டிக் குப்பையைத் திரும்பக் கொண்டுவரட்டும். மழையைப் பற்றி உள்ளூரார் சொல்வதைக் கேட்டு நடக்கட்டும். நின்று கேட்பதற்கு ஏற்ற வேகம் மிதிவண்டிக்கு உண்டு. அதற்கு மேற்பட்ட சிறப்பு ஒன்றை அதற்கு நான் கோரவில்லை.